ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு பூதம்

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர் எனக்கென்று ஒரு காற்றாடி வாங்கிக் கொடுத்ததில்லை. அவருடைய லோடு வண்டிக்கு இரண்டு ஓடுகிறது. வாங்கும்போதே இன்ஜினோடு வந்தது ஒன்று. அது போதாது என்று ரேடியேட்டருக்கு முன்னால் இவர் தனியாக மாட்டியது இன்னொன்று. எங்கள் அறையில் இருக்கும் காற்றாடி வீட்டு ஓனர் மாட்டிக் கொடுத்தது. அது சுற்றுகிறதா, சுற்றலாமா என்று யோசிக்கிறதா என்பது கீழே படுத்திருப்பவளுக்குத்தான் தெரியும்.

நான் பொறாமைக்காரி. அதை மறைத்து வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் கண்டதற்கெல்லாம் பொறாமைப்பட மாட்டேன். மீஞ்சூரில் என் தங்கை வீட்டுக்குத் தளம் போட்டு டைல்ஸ் ஒட்டியபோதுகூட வயிற்றெரிச்சல் இல்லாமல் விருந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன். எனக்கு எரிந்ததெல்லாம் எங்கள் வாசலில் நிற்கும் அந்த வெள்ளை வண்டியைப் பார்த்துத்தான். தேர்வாய் கண்டிகையில் இருந்து மீஞ்சூர் பக்கம் இரும்புச் சாமான் ஏற்றிப் போகும் வண்டி. அதற்கு ஒரு சக்களத்தி இருப்பதாக அது நினைத்திருந்தால் அது நான்தான்.

எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தது செல்போன். லோடு இறக்கக் காத்திருக்கும் நேரத்தில் இவர் வண்டி வீடியோக்களாகப் பார்ப்பார். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றில் கையை வைத்துக்கொண்டே எனக்குப் பாடம் நடத்தினார்.

"சூடான காத்து லேசா இருக்கும்மே. அது இன்ஜினுக்குள்ள போனா டீசல் சரியா எரியாது. ஜில்லுனு காத்து போனா கனமா போவும், நல்லா எரியும், இழுவ கூடும். சூட்ட கொறச்சா போதும், ஹெச்பி தன்னால வரும்."

"ஹெச்பின்னா இன்னாங்க?"

"குதிர. வண்டிய இத்தினி குதிர சேந்து இஸ்தா எவ்ளோ பலம் இருக்கும்னு ஒரு கணக்கு."

"கீற குதிரைல ஒண்ண அவுத்து உடுங்க. தெருக்கோடி கொழாய்லேர்ந்து எனக்கு ரெண்டு கொடம் தண்ணி இஸ்துகினு வரட்டும்."

சிரித்தார். நான் சொல்வதற்கு எல்லாம் சிரிப்பார். வண்டி லேசாக இருமினால் மட்டும் முகம் செத்துப்போகும்.

அன்றிலிருந்து வண்டிக்கு ராஜ உபசாரம். இன்ஜின் பக்கத்துச் சூட்டுக் காற்றை இழுத்துக்கொண்டிருந்த குழாயைக் கழற்றி, முகப்பு விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, வெளிக்காற்றை மூக்கில் விட்டார். சைலன்சர் குழாயின் சூடு இன்ஜின் மேல் அடிக்கக் கூடாது என்று அதை ஒரு வெள்ளைப் பட்டைத் துணியால் சுற்றினார். பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றுக்கட்டு கட்டுவது மாதிரி அத்தனை பதமாகச் சுற்றினார். நான் எங்கள் மகளைப் பெற்றுப் படுத்திருந்தபோது இவர் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோக்காரரோடு கிளட்ச் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் விஷயம்தான் என்னை ரொம்பக் கொதிக்க வைத்தது. எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. குளித்துவிட்டு வந்தால் உடம்பில் வெள்ளை பூக்கும். அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே உப்பு படிந்து அடைத்துக்கொள்ளுமாம். அதனால் வண்டிக்குப் பச்சை நிறத்தில் கூலண்ட், அதில் கலக்கக் கேன் தண்ணீர். நான் அதே போர் தண்ணீரில் தலை குளித்து, முடியைக் கொத்துக் கொத்தாகக் கையில் எடுத்துக் காட்டினேன். "ஷாம்பு மாத்தி பாரு" என்றார்.

இதெல்லாம் வெறும் புலம்பல் என்றால் இத்தனை தூரம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரப்பர் கம்பெனியில் பிரஸ் மிஷினில் வேலை செய்கிறேன். அச்சுக்குள் ரப்பர் துண்டை வைத்துக் கையை எடுக்க வேண்டும், மேல் தகடு சூட்டோடு இறங்கி அழுத்தும். கண் அசந்தால் விரல் போய்விடும். அங்கே நிற்பவளுக்குத் தூக்கம்தான் காப்பு. எங்கள் வீட்டுக்கோ சிமெண்ட் ஷீட் கூரை. பகலில் குடிக்கிற வெயிலை அது இரவெல்லாம் எங்கள் மேல் துப்பும். நைட் ஷிப்ட் வாரத்தில் பகலில்தான் படுக்க வேண்டும். அப்போது அது கூரை இல்லை, தோசைக்கல். மகள் திருவள்ளூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள், தப்பித்தாள். நான் ஈரத் துணியை மேலே போட்டுக்கொண்டு புரளுவேன்.

"கூரை மேல சுண்ணாம்பு அடிச்சி குடுங்க. வெயில திருப்பி உட்ரும். அந்தாண்ட தெருவுல எல்லாரும் அடிச்சிட்டாங்க" என்று பங்குனி பிறந்ததில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அடிச்சிடலாம்மே" என்பார். சொல்லிவிட்டு வண்டியின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொள்வார்.

வண்டிக்கு உண்மையிலேயே இழுவை கூடியது. முன்பு இரண்டாவது கியரில் முக்கிக்கொண்டு ஏறும் பாலத்தில் இப்போது மூன்றாவதில் ஏறுகிறதாம். வண்டி ஸ்டாண்டில் நிற்கும் டிரைவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். அவர் பூரிக்கும்போது நான் வாசலில் நின்று வண்டியைப் பார்ப்பேன். முழுசாக, மேலிருந்து கீழ்வரை. சாதாரணப் பார்வை இல்லை அது. எனக்கே என் கண் சுடும்.

கொஞ்ச நாளில் வண்டியில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் லேசாக மேலே போக ஆரம்பித்தது. போர் தண்ணீர் ஊற்றிய காலத்தில் படிந்த உப்பு இன்னும் உள்ளே இருந்திருக்கலாம், வெயில் ஏறியிருக்கலாம். இவர் அப்படி எல்லாம் யோசிக்கவில்லை.

"எவனோ கண்ணு வெச்சிட்டாம்மே" என்றார். ஸ்டாண்டில் இருக்கும் ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டார். இவன் அன்றைக்கு ஒரு மாதிரி பார்த்தான், அவன் பாலத்தில் பின்னாலேயே வந்தான் என்று வரிசையாகச் சொன்னார். நான் குழம்புக்குத் தாளித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். கடுகு வெடித்தது, எனக்குள் வேறொன்று வெடித்தது. கண் வைத்தது யார் என்று எனக்கல்லவா தெரியும்!

பயந்தேன் என்பது உண்மை. உள்ளுக்குள் ஒரு குதூகலம் இருந்ததும் உண்மை. இத்தனை வருஷம் வாயால் சொன்னது எதுவும் இவர் காதில் ஏறவில்லை, கண்ணால் பார்த்ததற்கு ஒரு இன்ஜின் சூடாகிறது!

இவர் ரோட்டோரக் கடையில் ஒரு பூத முகம் வாங்கி வந்தார். தகரத்தில் செய்தது. உருட்டி விழித்த கண், கோரைப் பல், தொங்கும் சிவப்பு நாக்கு. வண்டியின் முன்பக்கக் கம்பிச் சட்டத்தின் மேல் அதை நட்டுப் போட்டு முடுக்கினார். அமாவாசை அன்று பூசணிக்காய் சுற்றி உடைக்கச் சொன்னார். சுற்ற வேண்டியது வீட்டுப் பெண்தானே. கற்பூரத்தை ஏற்றி, பூசணிக்காயை இரண்டு கையிலும் தூக்கி, ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, எதிரிக் கண்ணு என்று சொல்லிக்கொண்டே வண்டியைச் சுற்றினேன். மனசாட்சி குத்தியதால் வாய்க்குள்ளேயே என் கண்ணையும் பட்டியலில் சேர்த்தேன். அடுத்த சுற்றில் அந்த ரெண்டாவது காற்றாடியைப் பார்த்தேன், சேர்த்ததை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

முள் இறங்கவில்லை. இன்னும் மேலே போனது. முகம் சின்னது, கண் பெரியது என்று முடிவு செய்து, இவர் அடுத்த சைஸ் பூதத்தை வாங்கி வந்தார். அது வண்டியின் மூக்கை ஒரு பக்கத்து விளக்கில் இருந்து மறுபக்கத்து விளக்குவரை மூடியது. அதற்குப் பிறகு முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. எனக்குக் கர்வம் தலைக்கேறியது. எந்தப் பூதத்தாலும் என்னைத் தடுக்க முடியவில்லை!

அந்தக் கர்வம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்னேரிப் பாலத்தில் போனது. தங்கை பிள்ளைக்குக் காது குத்து. பட்டுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, அந்த வண்டியிலேயே மீஞ்சூருக்குக் கிளம்பினேன். பின்னால் சீர்வரிசையும் ஒரு மூட்டை அரிசியும்தான் லோடு. பாலத்தில் பாதி ஏறியதும் மூடிக்குள் இருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. இவர் வண்டியை மெல்லப் பின்னால் உருட்டிப் பாலத்தடியில் நிறுத்திவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். நான் பத்திரிகையால் விசிறிக்கொண்டு நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்குக் கிளம்பும்போது நான் அதைப் பார்த்த பார்வை கொஞ்சம் அதிகம்தான்.

பழவேற்காட்டுக்கார மெக்கானிக் ஒருவர் பொன்னேரியில் கடை வைத்திருந்தார். எல்லாரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். போன் செய்ததும் டூவீலரில் வந்தார். வண்டி ஆறும்வரை டீ குடித்தார். பிறகு முன்னால் வந்து நின்று பூதத்தை நேருக்கு நேர் பார்த்தார்.

"இன்னா நைனா இது? ரேடியேட்டருக்கு மொகமூடி போட்டு வெச்சிகீற?"

"திருஷ்டிக்கு பாய். யாரோ கண்ணு வெச்சிட்டாங்க."

"கண்ணும் இல்ல, காதும் இல்ல. முன்னாடி காத்து போறதுக்கு எடமே இல்ல. இன்னொரு ஃபேன வேற வெச்சிகீற, அது எங்கேர்ந்து காத்த இஸ்கும்? மூக்க பொத்திகினு ஓட சொன்னா யார் ஓடுவா?"

ஸ்பேனரை எடுத்துப் பூதத்தைக் கழற்றித் தரையில் வைத்தார். தண்ணீர் ஊற்றி நிரப்பினார். "இப்ப ஏத்து" என்றார். வண்டி என்னையும் சீரையும் அரிசியையும் இழுத்துக்கொண்டு ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் பாலத்தில் ஏறி இறங்கியது. முள் பாதியிலேயே நின்றது.

இவர் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார். ஸ்டாண்டில் இருந்த ஒவ்வொருவரிடமும் மனசாலேயே மன்னிப்புக் கேட்டார். காது குத்து வீட்டில் எனக்கு அழுகை வந்தது. பார்த்தவர்கள் காது குத்தும் பிள்ளைக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். நான் அழுதது என் கண்ணுக்காக. ஒரு சக்தியும் இல்லாத வெறும் கண். இத்தனை நாள் எரிந்தது நான் மட்டும்தான். அந்த இன்ஜினுக்கு நான் ஒருத்தி இருப்பதே தெரியாது.

கதை அதோடு முடிந்திருந்தால் மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். காசு கொடுத்து வாங்கிய பூதத்தைத் தூக்கிப் போட இவருக்கு மனசு வரவில்லை. வீட்டுக்கு ஆகட்டும் என்று கொண்டுவந்தார். சுவரில் ஆணி அடித்தால் வீட்டு ஓனர் சண்டைக்கு வருவார். அதனால் வாசல் பக்கத்துச் சுவரில், எங்கள் அறைக்குக் காற்று வருவதற்காக ஓட்டை ஓட்டையாக வைத்திருந்த சிமெண்ட் ஜன்னலில், கம்பியைக் கோத்து இறுக்கிக் கட்டிவிட்டார். அளவெடுத்துச் செய்தது மாதிரி பொருந்தியது.

"அங்க எதுக்குங்க?" என்றேன்.

"வெளிய போறவன் வர்றவன் கண்ணுல மொதல்ல அதான் படணும்" என்றார். லோடுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். வண்டி சுகமாக மூச்சு விட்டுக்கொண்டு போனது.

கழற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கழற்ற எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் எனக்கும் ஒரு வீம்பு இருக்கிறது. ஒரு வண்டிக்கு மூச்சு முட்டியது இவருக்குத் தெரிந்தது. எனக்கு முட்டுவது தெரிகிறதா பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

அக்கினி நட்சத்திரம் பிறந்தது. முதல் ஷிப்டுக்கு விடியுமுன் எழுந்து போக வேண்டிய வாரம். இரவெல்லாம் வேர்வையில் புரண்டுவிட்டு, காலையில் பிரஸ் முன்னால் போய் நின்றேன். ரப்பர் துண்டை எடுத்து வைத்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது பக்கத்து மிஷின்காரி என் தோளைப் பிடித்து இழுத்ததும் நான் பின்பக்கமாக விழுந்ததும்தான். கையுறை மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டது. தகடு தூக்கியபோது அது அப்பளம் மாதிரி ஒட்டிக்கிடந்தது. சூப்பர்வைசர் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, வீட்டுக்குப் போகச் சொன்னார்.

அந்தக் கையுறையைச் சுரண்டி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு உச்சி வெயிலில் வீட்டுக்கு வந்தேன். லோடு தாமதமானதால் இவர் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். தட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்தேன்.

"இன்னாமே இது?"

"என் கை. உள்ள நான் இல்ல, அவ்ளோதான்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் சோற்றுக் கையோடேயே என் இரண்டு கையையும் இழுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கோபம் வந்தது. "கம்பெனில சொல்லி மிசின மாத்த சொல்லு. இல்ல நான் வந்து கேக்கறேன்."

"மிசினு நல்லாதான் கீது. நான்தான் தூங்கிட்டேன். ஊட்ல தூங்க முடியல, அங்க போய் தூங்கறேன்."

"வெயிலு யாருக்குத்தான் இல்ல?"

அவ்வளவுதான். எனக்குள் அடக்கி வைத்தது எல்லாம் பொங்கிவிட்டது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அதன் முன்னால் உட்கார்ந்தேன்.

"யோவ், லோடு அப்பறம். கைய கழுவிக்கினு இங்க படு. நான் படுக்கற எடத்துல படு. ஒரு மத்தியானம் தூங்கி காட்டு, நான் வாயே தொறக்கல."

நான் யோவ் என்று கூப்பிட்டதற்கே மிரண்டு போய்ப் படுத்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இடது பக்கம் திரும்பினார், வலது பக்கம் திரும்பினார். சட்டையைக் கழற்றினார். பாயை விட்டு நகர்ந்து வெறும் சிமெண்ட் தரையில் முதுகை வைத்தார், சுட்டது, மறுபடி பாய்க்கு வந்தார். போன் அடித்தது, எடுக்கவில்லை. கடைசியில் எழுந்து உட்கார்ந்தபோது மழையில் நனைந்தவர் மாதிரி இருந்தார்.

"காத்தே வரலியே" என்றார்.

"மெக்கானிக் பாய கூப்பிடட்டா?" என்றேன்.

சிமெண்ட் ஜன்னலைப் பார்த்தார். ஓட்டைகளுக்கு வெளியே பூதத்தின் முதுகுத் தகரம் தெரிந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்தார். பிறகு என்னைத் தாண்டித் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு போய், குறடால் கம்பியை வெட்டி அதைக் கழற்றினார். கழற்றிவிட்டு உள்ளே வந்து, "ஏன்மே சொல்லல?" என்று கேட்டார்.

"பங்குனிலேர்ந்து சொல்லிக்கினுதான் கீறேன்."

சிரிக்கவில்லை. நான் சொல்லி இவர் சிரிக்காமல் இருந்தது அன்றைக்குத்தான். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எங்கே போவார், லோடுக்குத்தான் போவார் என்று இருந்தேன். திரும்பி வந்தபோது பின்னால் சுண்ணாம்பு மூட்டையும் அதில் கலக்கப் பசை டப்பாவும் ஏணியும் இரண்டு பலகையும் இருந்தன. ஷீட் உடையாமல் இருக்கப் பலகையைப் போட்டு, அதன் மேல் தவழ்ந்துகொண்டு, பொழுது சாயும்வரை அடித்தார். கீழே இறங்கியபோது ஆளே வெள்ளையாக இருந்தார். தெருவில் இரண்டு பேர் கேலி செய்தார்கள். நான் செய்யவில்லை.

மறுநாள் எனக்கு லீவு. காலைச் சமையல் முடித்துவிட்டுச் சும்மா பாயில் சாய்ந்தேன். எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. வெயில் உச்சிக்கு வந்துவிட்டிருந்தது, என் கழுத்து ஈரமாக இல்லை. வெளியே ஏணிக்குப் பக்கத்தில் இவர் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். ஸ்டாண்டில் இருந்துதான் போன்.

"இல்ல நைனா, இன்னிக்கி லோட வேற வண்டிக்கி குட்து உடு. ரெண்டாவது கோட்டிங் அடிச்சிக்கினு கீறேன்... வண்டிக்கி இல்லபா, கூரைக்கி... ஊட்ல தூங்கிக்கினு கீது, மெதுவா பேசு... வண்டி ஒரு நாளு நின்னா இன்னாத்துக்கு பேஜாரு? ஊட்ல இது நின்னுட்சினா நான் நடுரோட்லதான்."

எனக்காக அந்த வண்டி ஒரு லோடை இழந்திருந்தது. எழுந்து போய், அது இப்போது எப்படி நிற்கிறது என்று வாசலில் நின்று நன்றாகப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. ஆனால் நான் எழுந்தால் இவர் பேச்சை நிறுத்திவிடுவார். அதனால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தூங்குகிறவள் மாதிரியே கிடந்தேன்.